யானைக்கு முன்னே அங்குசம்

யானை வாங்கத் துணிந்தவன் அங்குசம் வாங்கத் தயங்கலாமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. இன்று நம்மில் பலருடைய வீட்டு வாசலில் யானைக்குப் பதிலாகக் கார் நிற்கிறது. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை.

சென்ற ஆண்டு என் அக்காள் மகன் முதன்முதலாக வேலையில் சேர்ந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த 40,000 ரூபாயுடன் என்னிடம் வந்தான். கையில் ஒரு பட்டியலும் இருந்தது. "சித்தி, நம்ம காருக்குக் கொஞ்சம் வேகம் ஏத்தப் போறேன்" என்றான். எஞ்சினை ஆளும் சிறு கணினியில் மாற்றம், பெரிய சைலன்சர், திறந்த ஏர் ஃபில்டர், அகலமான டயர், பளபளக்கும் அலாய் சக்கரம் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. கார் எட்டு வயது நிரம்பியது. அதில்தான் அவன் தினமும் அலுவலகம் செல்கிறான். போகும் வழியில் என்னையும், பக்கத்து வீட்டு மாணவிகள் இருவரையும் நம் பள்ளி வாசலில் இறக்கிவிடுகிறான். ஆகவே அவனுடைய பட்டியலில் எங்கள் மூவருக்கும் பங்கு உண்டு.

"வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் இயற்பியல் கற்பிக்கிறவள் காரணம் சொல்லாமல் மறுப்பது அழகல்ல. அன்று அவனோடு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். மாணவிகளே, நாளை நீங்களும் கார் ஓட்டப் போகிறவர்கள். பெற்றோரே, நீங்கள் இன்றே ஓட்டுகிறவர்கள்.

ஒரு தாய் செய்த முதல் மாற்றங்கள்

காரை மேம்படுத்தும் கலையைத் தொடங்கி வைத்தவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணி என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெர்மனி நாட்டின் கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டு தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதை நம்பி வாங்குவோர் அரிதாகவே இருந்தனர். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தம் புதல்வர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து தம் பிறந்தகமான ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு அந்த மூன்று சக்கர வண்டியில் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். அதற்கு முன் அவ்வளவு தூரம் எவரும் மோட்டார் வண்டியில் சென்றதில்லை.

வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றிக்கொண்டார். இறக்கங்களில் மரக்கட்டைப் பிரேக் தேய்ந்து போகவே, காலணி தைக்கும் தொழிலாளி ஒருவரைக் கொண்டு அதன்மேல் தோல் அறையச் செய்தார். பிரேக் லைனிங் என்று நாம் இன்று சொல்வதற்கு அதுவே தொடக்கம் என்பர். மேடுகளில் வண்டி திணறியபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். வீடு திரும்பியபின், மேடேறுவதற்கு இன்னொரு கியர் வேண்டுமென்று கணவரிடம் எடுத்துச் சொன்னார். அவ்வாறே சேர்க்கப்பட்டது.

அந்த அம்மையாரின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அடைப்பை நீக்கினார். அடுத்து நிற்கும் வலிமையைக் கூட்டினார். கடைசியில்தான், அதுவும் தேவை கண்டபின், ஏறும் வலிமையைக் கேட்டார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் இந்த வரிசை பழுதாகவில்லை. என் அக்காள் மகனின் பட்டியலோ தலைகீழாக இருந்தது.

எட்டு வினாடி லாபம்

எந்தப் பொருளையும் மேம்படுத்துமுன், அது செய்ய வேண்டிய வேலை எதுவென்று கேட்க வேண்டும். எங்கள் காரின் வேலை தினமும் 12 கிலோமீட்டர் போய் வருவது. அதற்கு அரை மணி நேரம் ஆகிறது. அப்படியானால் சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர்தான். வழியில் எட்டு சிக்னல்கள். எஞ்சினுக்கு வலிமை கூட்டியதால் ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு வினாடி முன்னதாக வேகம் பிடிக்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் மிச்சமாவது எட்டு வினாடி! அதுவும் அடுத்த சிவப்பு விளக்கில் கரைந்துவிடும். பஸ்ஸும் ஆட்டோவும் மாடும் மனிதரும் கலந்து செல்லும் சாலையில் நம் வேகத்தை முடிவு செய்வது நம் எஞ்சின் அல்ல, நமக்கு முன்னால் செல்லும் வண்டி.

ஆனால் அதே சாலையில் தினமும் பலமுறை பிரேக்கை மிதிக்கிறோம். ஆகவே நம் காரின் உண்மையான திறமை ஓட்டத்தில் இருப்பதைவிட நிற்பதில்தான் அதிகம் இருக்கிறது.

நிற்பதற்கு எத்தனை மீட்டர்?

பத்தாம் வகுப்பு மாணவிகளுக்கும் இந்தக் கணக்கு புரியும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆகிறது என்று கொள்வோம். உலர்ந்த தார்ச் சாலையில் நல்ல டயரின் உராய்வுக் குணகம் 0.7 என்று எடுத்துக்கொள்வோம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், கால் போவதற்குள் 11 மீட்டர், பிரேக் பிடித்தபின் 9 மீட்டர், ஆக மொத்தம் 20 மீட்டர்.

60 கிலோமீட்டர் வேகத்தில் 17 மீட்டரும் 20 மீட்டரும் சேர்ந்து 37 மீட்டர்.

80 கிலோமீட்டர் வேகத்தில் 22 மீட்டரும் 36 மீட்டரும் சேர்ந்து 58 மீட்டர்.

வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதே காரணம். இனி மழை பெய்கிறது, உராய்வுக் குணகம் 0.4 ஆகக் குறைகிறது என்று கொள்ளுங்கள். அப்போது 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க 52 மீட்டர் வேண்டும். நீங்கள் விளையாடும் கூடைப்பந்து மைதானத்தின் நீளம் 28 மீட்டர். ஏறக்குறைய அத்தகைய இரண்டு மைதானங்களைக் கடந்துதான் அந்தக் கார் நிற்கும்!

இந்தக் கணக்கில் எஞ்சினின் குதிரைத்திறன் எங்கேனும் வந்ததா? வரவில்லை. வந்தவை மூன்றே: வேகம், ஓட்டுபவரின் கவனம், டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பு. முதல் இரண்டையும் காசு கொடுத்து வாங்க முடியாது. மூன்றாவதை வாங்கலாம்.

நான்கு உள்ளங்கைகள்

ஒரு கார் எவ்வளவு பெரிதானாலும் அது சாலையைத் தொடுவது நான்கே இடங்களில்தான். ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவே இருக்கும். கிளம்புவது, திரும்புவது, நிற்பது எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகளின் தயவில்தான் நடக்கின்றன. ஆதலால் முதல் செலவு டயருக்கே ஆக வேண்டும்.

அன்று இருவரும் தரையில் குனிந்து எங்கள் டயர்களைப் பார்த்தோம். டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். பள்ளங்களுக்கு நடுவே சிறு ரப்பர் மேடுகள் இருப்பதையும் பாருங்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். அதுவே சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை. மழைநீரை வெளியேற்றுவது அந்தப் பள்ளங்களே. அவை இல்லையேல் டயர் சாலையை விட்டுத் தண்ணீரின்மேல் மிதக்கத் தொடங்கும். எங்கள் முன் டயர்கள் இரண்டும் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவற்றை நம்பித்தான் அவன் எஞ்சினுக்கு வலிமை கூட்ட நினைத்தான்!

"அப்படின்னா அகல டயராப் போட்டுடலாமே, சித்தி?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். அகலம் கூடினால் உலர்ந்த சாலையில் பிடிப்பு சற்றுக் கூடும். ஆனால் உருளும் தடை மிகும், பெட்ரோல் கூடச் செலவாகும், தேங்கிய நீரில் மிதக்கும் ஆபத்தும் மிகும். சக்கரத்தின் மொத்த விட்டம் மாறினால் வேகமானி பொய் சொல்லும். ஓர் எடுத்துக்காட்டு: 165/80 ஆர் 14 என்ற டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர். 185/65 ஆர் 15 என்ற டயரின் விட்டம் சுமார் 622 மில்லிமீட்டர். உட்சக்கரம் பெரிதானாலும் வெளி விட்டம் ஏறக்குறைய ஒன்றே. ஒரே மாதிரிக் காரின் விலை கூடிய வகைக்குத் தயாரிப்பாளரே இப்படி அளவு மாற்றிக் கொடுப்பதுண்டு. தயாரிப்பாளரின் குறிப்பில் உள்ள அளவுகளுக்குள் நின்றுகொண்டு, அதில் கிடைக்கும் நல்ல டயரை வாங்குவதே அறிவுடைமை. காற்றின் அளவு ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் எழுதப்பட்டிருக்கும். டயர் சூடேறுமுன் காலையில் அதைப் பார்க்க வேண்டும். செலவே இல்லாத மேம்பாடு இது ஒன்றுதான்.

பிரேக்கும் அதன் எண்ணெயும்

டயருக்கு அடுத்தது பிரேக். இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். பெரிய பிரேக் போட்டால் கார் உடனே நின்றுவிடும் என்று எண்ணுகிறார்கள். நல்ல நிலையிலுள்ள எந்தப் பிரேக்கும் சக்கரத்தை முழுவதுமாகப் பூட்டிவிடும் வலிமை உடையதே. அதற்குமேல் தூரத்தைக் குறைப்பது டயரின் பிடிப்புதான். பெரிய பிரேக்கின் பயன் வெப்பத்தைத் தாங்குவதில் இருக்கிறது.

அந்த வெப்பம் எவ்வளவு என்று அறிவீர்களா? கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் இறங்குகிறோம். ஆட்களோடு 1,100 கிலோகிராம் எடையுள்ள கார் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றல், 60 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும் பகுதியை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். கியரை மறந்து பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அத்தனையும் பிரேக்கின் தலையில் விழும்.

மேலும், பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். மிதித்த கால் பஞ்சுக்குள் புதைவதுபோல் உள்ளே போகும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த எண்ணெயை மாற்ற ஆகும் செலவு ஒரு நல்ல சைலன்சரின் விலையில் சிறு பகுதியே. எங்கள் காரில் அது கறுத்துப் போயிருந்தது. கடைசியாக மாற்றியது எப்போது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

தரையை விடாத சக்கரம், தெளிவாகக் காணும் கண்

ஷாக் அப்சர்பர் சொகுசுக்காக மட்டுமென்று எண்ணாதீர்கள். சக்கரத்தைத் தரையோடு அழுத்தி வைப்பதும் அதுவே. துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? காரின் முன் மூலையைக் கையால் நன்றாக அழுத்திவிடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கிவிட்டால் நல்லது. தொட்டில்போல் ஆடிக்கொண்டே இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

பார்வையும் ஒரு மேம்பாடே. அமெரிக்காவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி, பனி தூவும் நாளில் டிராம் ஓட்டுநர் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அவதிப்படுவதைக் கண்டு, உள்ளிருந்தே கண்ணாடியைத் துடைக்கும் கருவியை உருவாக்கி 1903-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அவர் தந்த வரத்தை நாம் காய்ந்து வெடித்த ரப்பரோடு வைத்திருக்கலாமா? ஹெட்லைட்டில் மங்கிய கண்ணாடியைத் துலக்குவது நலம். ஆனால் 55, 60 வாட் பல்புக்கென அமைந்த விளக்கில் 100 வாட் பல்பைச் செருகினால் ஒயர் உருகும், எதிரே வருபவரின் கண்ணும் கூசும். நமக்கு வெளிச்சம் வேண்டுமென்று பிறரைக் குருடாக்குவது பிறரன்பு ஆகாது.

எஞ்சினின் முறை

இத்தனைக்கும் பிறகே எஞ்சின். இங்கும் பெர்த்தா அம்மையாரைப் பின்பற்றி முதலில் அடைப்பை நீக்குவோம். புதிய ஏர் ஃபில்டர், புதிய பிளக்குகள், காலத்தில் மாற்றிய எஞ்சின் ஆயில் ஆகிய மூன்றும், இழந்த வலிமையைத் திருப்பித் தரும். காரின் பின்னால் வீணாகச் சுமந்து திரியும் மூட்டைகளை இறக்கி வைத்தாலும் கார் சுறுசுறுப்பாகும்.

கணினியில் மாற்றம் செய்தால் டர்போ பொருத்திய எஞ்சினுக்குக் கண்கூடாக வலிமை கூடும் என்பது உண்மைதான். டர்போ இல்லாத சிறு எஞ்சினுக்குக் கிடைப்பது சொற்பம். ஆனால் கூடும் வலிமையைக் கிளட்ச்சும் கியரும் தாங்க வேண்டும். திறந்த ஏர் ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுத்தால் வலிமை குறைவதும் உண்டு. எஞ்சின் மாறாதிருக்கச் சைலன்சரை மட்டும் மாற்றினால் பெருகுவது பெரும்பாலும் சத்தமே. மருத்துவமனை, பள்ளி, ஆலயம் என்று பார்க்காத சத்தம்!

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம், பதிவான வண்டியைத் தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாகத் திருத்தக் கூடாதென்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணம் பெறுவதிலும் சிக்கல் எழும்.

செலவான விதம்

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் நற்செய்தியில் அறிவுறுத்துகிறார். அப்படியே நாங்களும் உட்கார்ந்து கணக்கிட்டோம். நான்கு டயர்களுக்கு 18,000 ரூபாய். முன் பிரேக் பேடுகளுக்கும் பிரேக் ஆயிலுக்கும் 4,500. முன் ஷாக் அப்சர்பர் இரண்டுக்கும் 7,500. வீல் அலைன்மென்ட், பாலன்சிங் 1,500. பிளக்கும் ஃபில்டரும் 1,500. வைப்பருக்கும் விளக்கைத் துலக்கவும் 1,000. ஆக 34,000 ரூபாய். மீதி 6,000 ரூபாயை அஞ்சலகத்தில் போட்டான். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "இவ்வளவு செலவு பண்ணியும் வெளியில பார்த்தா ஒண்ணுமே தெரியலையே, சித்தி" என்று குறைபட்டுக்கொண்டான்.

நவம்பர் மாதத்தில் ஒரு காலை. நல்ல மழை. பள்ளிச் சாலையில் மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தோம். காற்றில் பறந்த குடையைத் துரத்திக்கொண்டு சீருடை அணிந்த ஒரு சிறுமி குறுக்கே ஓடி வந்தாள். அவன் பிரேக்கை மிதித்தான். கார் நேராக நின்றது. அவளுக்கும் எங்களுக்கும் இடையே இரண்டு முழம் இருந்திருக்கும். அவள் குடையை எடுத்துக்கொண்டு, நடந்தது இன்னதென்று அறியாமலே ஓடிவிட்டாள். அந்த இரண்டு முழத்தைத்தான் நாங்கள் 34,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தோம் என்று அப்போது புரிந்தது. காருக்குள் ஒருவரும் பேசவில்லை. பின்னால் இருந்த மாணவி ஒருத்தி மட்டும் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள்.

அன்று மாலை அவன் பட்டியலைக் கிழித்தான் என்றெல்லாம் நான் கதை சொல்லப் போவதில்லை. மறுநாள் காலை நான் வாசலுக்கு வந்தபோது, கேட்பாரின்றித் தானே குனிந்து டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.

ஞானோபதேச வகுப்பில் விவேகம், நீதி, மனத்திடம், மட்டசனம் என்று தலையாய புண்ணியங்கள் நான்கைக் கற்றிருக்கிறீர்கள். அவற்றுள் விவேகம் முதலில் நிற்பது காரணமின்றி அல்ல. வலிமையை எங்கே, எப்போது, எவ்வளவு செலுத்துவது என்று அதுவே வழிகாட்டுகிறது. நம் கார்களில் புனித கிறிஸ்தோபரின் படம் இருக்கிறது. கண்ணாடிக்கு அருகே செபமாலை தொங்குகிறது. அவை நம் விசுவாசத்தைக் காட்டுகின்றன. டயரின் பள்ளமும் பிரேக் ஆயிலின் நிறமும் நம் விவேகத்தைக் காட்டுகின்றன. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். அப்பாவையோ அண்ணனையோ அம்மாவையோ அழைத்து, காரின் டயரில் உள்ள நான்கு இலக்கங்களை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலைக் கடைசியாக மாற்றியது எப்போது என்று கேளுங்கள். அங்குசம் கையில் இருக்கிறதென்று தெரிந்தபின், யானை எத்தனை வேகமாக நடக்கலாம் என்று பேசிக்கொள்ளலாம்.